கைகாட்டி விழாத இரவு

போன ஐப்பசியில் ஓர் இரவு, பதினொன்றரை மணி இருக்கும், பேத்தி போன் செய்தாள். "தாத்தா, அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் அப்படி ஆரம்பிக்கிற பேச்சைக் கேட்டால் ஒரு கிழவனுக்கு என்னென்ன தோன்றுமோ அத்தனையும் எனக்கும் தோன்றியது. விஷயம் அதொன்றும் இல்லை. ஆபீஸ் விட்டு மெட்ரோ ரயிலில் வந்திருக்கிறாள். நல்ல கூட்டம். சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. விரல் நுனி மரத்து, தலை கிறுகிறுத்து, மூச்சு உள்ளே இறங்காமல், இதோ விழுந்து சாகப்போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கியவள்தான், மூன்று வாரமாக ரயில் பக்கமே போகவில்லை. அரை மணி நேரப் பயணம் பஸ்ஸில் ஒன்றரை மணி ஆகிறது. இப்போது பஸ்ஸிலும் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஏறுவதில்லையாம்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதா தாத்தா?"

"இல்லம்மா. உனக்கு வந்தது யாருன்னு எனக்குத் தெரியும். பேரு, ஊரு, அட்ரஸோட தெரியும்" என்றேன்.

இருபத்தேழு வருடமாக அவள் பாட்டிக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும் தெரிந்த கதையை அன்று இரவு அவளுக்குச் சொன்னேன். சொன்ன பிறகு, இத்தனை நாள் எதற்கு மூடி வைத்தோம் என்றிருந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

1998 கார்த்திகை. விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை அப்போது மீட்டர் கேஜ். அதில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் ஸ்டேஷன் மாஸ்டர். வயது நாற்பத்தொன்பது. விடாத மழை. இரண்டரை மணிக்கு ஒரு கூட்ஸ் வண்டியை டோக்கன் கொடுத்து அனுப்பிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கவலைப்பட எதுவுமே இல்லை. அப்போதுதான் வந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. கை ஜில்லிட்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து நிற்கலாம் என்றால் தரை சாய்கிற மாதிரி இருந்தது. பாயின்ட்ஸ்மேன் ஓடிவந்து, "சார், கேஸா இருக்கும், சோடா ஒடைக்கட்டுமா?" என்றார். என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: நான் செத்துக் கிடந்தால் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் யார் கொடுப்பது? கால் மணி நேரத்தில் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. மூன்றே முக்கால் வண்டிக்குக் கைகாட்டியை நானே இறக்கினேன். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். நெஞ்சில் அடைப்பு, வலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் இரண்டாம் கருத்து கிடையாது. தைராய்டு, ரத்தசோகைகூட இதே வேஷத்தில் வரும். ஆனால் "ஒன்றுமில்லை" என்பது மோசமான வார்த்தை. ஒன்றுமில்லை என்றால் எனக்கு நடந்தது என்ன? எக்கோ பார்த்தேன். டிரெட்மில்லில் ஓடினேன். வாயுவுக்கு மாத்திரை தின்றேன். மாமியார் தாயத்துக் கட்டிவிட்டார். அதிலிருந்து அடுத்த கோடைக்குள் பதினோரு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய காரியத்தை விட்டேன். மாடிப்படி ஏறுவதை விட்டேன். ஏறினால் நெஞ்சு அடிக்கிறது. கல்யாணப் பந்தியில் நடு இலையில் உட்காருவதை விட்டேன். கோவில் கூட்டத்தை விட்டேன். கடைசியில் தனியாக இருப்பதையும் விட்டேன். சட்டைப்பையில் அல்பிரசோலம் மாத்திரைப் பட்டை ஒன்று நிரந்தரமாக வந்து சேர்ந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள், நானும் வாங்கினேன். ரயில்வே டாக்டரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. விட்டால் 'மெடிக்கல் டீகேட்டகரைஸ்' செய்து வேறு வேலையில் போட்டுவிடுவார்களோ என்ற பயம். ரயில்களை அனுப்புகிற வேலையில் இருப்பவன் அப்படி மறைத்தது தவறு. இன்று வரைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

1999 கோடையில் மனைவி என்னைப் பிடிவாதமாகக் கடலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று வாசலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதிருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, பாதாம்பருப்பு அளவுக்கு ஒவ்வொன்று. பெயர் அமிக்டலா. கிரேக்க மொழியில் அதற்கு அர்த்தமே பாதாம்தான். ஆபத்து என்று சந்தேகம் வந்தவுடன் இது ஹைப்போதலாமஸுக்கு ஆள் அனுப்புகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் தசைகளுக்கு ஓடுகிறது, வயிறு தன் வேலையை நிறுத்திக் கலங்குகிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிறது. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை வைத்து ஆராய்ந்து, காதில் விழும் சத்தம் அமிக்டலாவுக்கு இரண்டு வழியாகப் போகிறது என்று காட்டினார். ஒன்று குறுக்குப் பாதை: தலாமஸிலிருந்து நேரே. இன்னொன்று மூளையின் புறணி வழியாகச் சுற்றிப் போவது. அந்தச் சுற்றுப்பாதையில்தான் "இது பாம்பில்லை, கயிறு" என்ற தெளிவு வரும். ஆனால் அதற்குள் குறுக்குப் பாதை வண்டி முதலில் வந்து சேர்ந்துவிடும்.

"சந்தேகம்னாலே சிவப்பு போட்டுடும் சார். அதோட வேலை அது" என்றார்.

"டாக்டர், இது எங்க கைகாட்டி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். பழைய கைகாட்டி மரத்தில் கை நேராக நீட்டியிருந்தால் 'நில்', சரிந்திருந்தால் 'போ'. ஸ்டேஷனிலிருந்து கம்பி இழுத்தால்தான் கை இறங்கும். நடுவில் கம்பி அறுந்தால்? கை இறங்கியபடியே தொங்காது. எதிர்ப்பக்கத்து எடை இழுத்து, தானாக எழும்பி 'நில்' என்று நிற்கும். பழுதானால் ஆபத்தைக் காட்டும்படியாகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வண்டி வீணாக நிற்பதால் அரை மணி நேரம் போகும். நிற்காமல் போனால் உயிர் போகும். டாக்டர் சிரித்துவிட்டார். அடுத்த ஐந்து வருடமும் அந்த அறையில் நாங்கள் மூளையைப் பற்றிப் பேசவில்லை, கைகாட்டியைப் பற்றித்தான் பேசினோம்.

என் அப்பா தமிழாசிரியர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்குக் காரணம் நான்கு என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்: தெய்வம் பேய் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், தன் அரசன். அந்த இரண்டரை மணி ராத்திரியில் நான்கில் ஒன்றுகூட என் எதிரில் இல்லை. அரசன் என்று சொல்வதானால் டிவிஷன் அதிகாரியைச் சொல்லலாம், அவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் 'மெய்ப்பாடு' என்ற சொல் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மெய்யில் படுவது. மனதில் எழுந்ததை உடம்பில் பார்க்கிற சாஸ்திரம் அது. என் விஷயத்தில் வண்டி எதிர்த்திசையில் வந்தது: மெய் முதலில் நடுங்கியது, மனம் அதைப் பார்த்துக் காரணம் தேடியது, காரணம் கிடைக்காததால் மரணத்தைக் காரணமாக வைத்துக்கொண்டது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986-ல் எழுதியது ஏறக்குறைய இதுதான். நெஞ்சு சற்றே வேகமாக அடிக்கிறது. அதை மாரடைப்பு என்று வாசிக்கிறோம். அந்த வாசிப்பே பயமாகி, நெஞ்சு இன்னும் அடிக்கிறது. பார்த்தாயா, சரிதான் என்கிறோம். அந்தச் சுற்றிலிருந்து வெளியே வர வழி தெரியாமல்தான் பதினோரு தடவை சுற்றினேன். பேத்திக்கு விரல் மரத்ததற்கும் காரணம் இருக்கிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரக்கும். அதற்கு மேலும் மூச்சை இழுத்தால் மரப்பு கூடத்தான் செய்யும். மூச்சை நிதானமாக வெளியே விடுவதில் இருக்கிறது சூட்சுமம். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தைத் தட்டிக்கொடுத்து மெதுவாக்குகிறது.

இனி வைத்தியம். முதல் ஆச்சரியம், நான் எதிலிருந்து ஓடினேனோ அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். "மாடிப்படி ஏறுங்க சார். நெஞ்சு அடிக்கட்டும். அடிச்சா என்ன ஆகுதுன்னு நின்னு பாருங்க" என்றார் டாக்டர். இ.சி.ஜி., டிரெட்மில் எல்லாம் சரியாக இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மாடி கிடையாது. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டு இருந்தது. முதல் நாள் பன்னிரண்டு படி. நெஞ்சு அடித்தது. நின்றேன். ஓடிப்போய்ச் சட்டைப்பையைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. பயம் மேலே ஏறி, மேலே ஏறி, பிறகு என்ன காரணத்தாலோ அதுவாகவே இறங்கியது. அது இறங்கும் என்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அது உச்சிக்குப் போகும்போதே நான் ஓடியிருக்கிறேன். ஓடியதால்தான் பிழைத்தேன் என்று என் மூளை கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. படி ஏறி ஏறிப் பழைய பயம் அழிந்துவிடுகிறது என்று நான் நினைத்தேன். இல்லையாம். ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களிடமே இதைப் பார்த்திருக்கிறார். மணி அடித்தால் சோறு வரும் என்று பழக்கிய நாய்க்கு, மணி மட்டும் அடித்துச் சோறு போடாமல் விட்டால் எச்சில் ஊறுவது நின்றுபோகும். ஆனால் சில நாள் கழித்து மணி அடித்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் அழியவில்லை. அதன்மேல் இன்னொரு பாடம் எழுதப்பட்டிருக்கிறது. பயமும் அப்படித்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையின் ஒரு பகுதி "இது பழைய சிவப்பு, பொருட்படுத்தாதே" என்று அமிக்டலாவைக் கையமர்த்தக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியில் படித்தது பந்தியில் செல்லாது. ஒவ்வோர் இடத்திலும் போய் எழுத வேண்டும். நான் தொட்டியை முடித்துவிட்டு, பஜனை மடம், சந்தை, கடைசியில் சிதம்பரம் ஆனித் திருமஞ்சனக் கூட்டம் வரை போய் எழுதினேன். ஒன்றரை வருடம் ஆயிற்று.

எங்கள் ரயில்வேயில் இதற்கும் ஒரு விதி உண்டு. கைகாட்டி பழுதாகி 'நில்' என்றே நின்றுவிட்டால், வண்டி நாள் முழுக்க அங்கே கிடக்காது. ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு டிரைவருக்கு ஒரு சீட்டுக் கொடுப்பார். டி/369 வரிசையில் வரும் படிவம். அதை வாங்கிக்கொண்டு சிவப்பைத் தாண்டி, பார்த்துப் பார்த்து, மெதுவாகப் போகலாம். தானியங்கி சிக்னல் பாதைகளில் அந்தச் சீட்டுகூட வேண்டாம்: பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாகப் போகவேண்டியது. சிவப்பு அங்கேயே எரிந்துகொண்டிருக்கும்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் ஏதோ வீரத்தால் ஜெயித்ததுபோல் ஆகிவிடும். டாக்டர் செர்ட்ராலின் கொடுத்தார், குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினார். முதல் பத்து நாள் படபடப்பு கூடியது. "இப்படி ஆகும், விட்டுடாதீங்க" என்று முன்னமே சொல்லியிருந்ததால் விடவில்லை. நான்காவது வாரத்தில் ஒருநாள் காலையில் பேப்பர் படித்து முடித்த பிறகுதான், நெஞ்சைக் கவனிக்க மறந்துவிட்டோம் என்று தெரிந்தது. மூளையில் செரோட்டோனின் மறுபடி உறிஞ்சப்படுவதை இந்த மருந்து சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகிறது. பலன் தெரிய மட்டும் வாரக்கணக்கில் ஏன் ஆகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது.

சட்டைப்பை மாத்திரையின் கதை வேறு. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கைவிட்டுப் போட்டிருந்த ஒரு பொருள், 1957-ல் ஆய்வுக்கூடத்து மேசையை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது அகப்பட்டது. தூக்கிப் போடாமல் சோதித்துப் பார்த்தார்கள். அதுதான் 1960-ல் லிப்ரியம் என்று கடைக்கு வந்தது. 1963-ல் அதன் தம்பி வாலியம். அல்பிரசோலமும் அந்தக் குடும்பம். மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் பிரேக் வேலை பார்க்கிறது. இந்த மாத்திரைகள் அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்கின்றன. அரை மணி நேரத்தில் சொர்க்கம். ஆனால் பிரேக்குக்கு உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வண்டி முன்னிலும் வேகமாகப் பாயும், சிலருக்கு வலிப்பே வரும். என்னை அதிலிருந்து இறக்க டாக்டருக்கு ஏழு மாதம் பிடித்தது, கால் கால் மாத்திரையாக. இப்போது அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதோடு, 2014-லிருந்து யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். என் காலத்தில் இருந்திருந்தால் எனக்கு நல்லது. குடித்துக்கொண்டிருந்த டீயும் ஒரு நாளைக்கு ஒன்பதிலிருந்து இரண்டாகக் குறைந்தது. எல்லா மருந்தையும்விட அதற்குத்தான் நான் அதிகம் அழுதேன்.

ரிட்டயரான பிறகு படிக்க நேரம் கிடைத்தது. அப்போது ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அபூர்வமான ஒரு பரம்பரை நோயில் அவருக்கு இரண்டு அமிக்டலாவும் அழிந்துபோயிற்று. பாம்பைக் கையில் எடுத்துத் தடவுவார், பேய் வேஷம் போட்டவர்களைப் பார்த்தால் சிரிப்பார். சரி, பயத்தின் வீடு கண்டுபிடித்தாயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். 2013-ல் வந்த ஆராய்ச்சியில் அவரைக் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மடக்கு இழுக்கச் சொன்னார்கள். பாம்புக்குப் பயப்படாத அந்த அம்மாள் முகமூடிப் பக்கம் கையைப் பதறி ஆட்டி, உதவி கேட்டு அலறினார். அதே நோயுள்ள வேறு இருவரும் பீதியடைந்தார்கள். பீதிக்கு அமிக்டலா கட்டாயம் வேண்டும் என்பதில்லை. உடம்பின் ஆழத்திலிருந்து வேறு வழியாகவும் அது வரும். லெடூவே பிற்காலத்தில் சொன்னார், அமிக்டலாவைப் 'பயத்தின் மையம்' என்று கூப்பிடாதீர்கள் என்று. அது உடம்பைத் தற்காப்புக்குத் தயார் செய்கிறது, 'நான் பயப்படுகிறேன்' என்ற உணர்வைக் கட்டுவது மூளையின் மற்ற பகுதிகள். இதைப் படித்தபோது எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. வெட்டி எடுக்க ஒரு பாதாம்பருப்பு இல்லை என்றால், வெட்டி எடுக்கவில்லையே என்ற ஏக்கமும் இல்லை.

பேத்திக்கு வருவோம். அன்று இரவே 14416 என்ற எண்ணைக் கொடுத்தேன். டெலி மனாஸ் என்று 2022 அக்டோபர் 10-லிருந்து அரசு நடத்துகிறது, இரவு பகல் பேசலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவள் பேசினாள். பிறகு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனாள், தலையில் துண்டு போடாமல். அந்தப் பெண்ணுக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்குமாம். மருந்து இப்போதைக்கு வேண்டாம், படிக்கட்டு கட்டுவோம் என்றாராம். முதல் படி: ரயில் ஏறாமல் பிளாட்பாரத்தில் கால் மணி நேரம் நிற்பது. இரண்டாவது: நந்தனத்தில் ஏறித் தேனாம்பேட்டையில் இறங்குவது. ஒரே ஒரு ஸ்டேஷன்.

"தாத்தா, நீங்க கூட வர்றீங்களா?"

போனேன். ஐம்பது வருடம் ரயிலோடு வாழ்ந்தவன், சுரங்கத்துக்குள் அன்றுதான் முதல் தடவை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கை ஈரம். தேனாம்பேட்டை வந்தது. இறங்கினோம். நான்கு தடவை இப்படிப் போய்வந்தோம். ஐந்தாவது தடவைக்கு முன்னால் உளவியலாளர் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். "தாத்தா நல்லவர். ஆனா இப்ப அவர் உங்களுக்கு மாத்திரைப் பட்டை மாதிரி ஆயிட்டார்" என்றாராம். கேட்டபோது சுருக்கென்றது. அல்பிரசோலத்தை நிறுத்திய பிறகும் நான்கு வருடம் ஒரே ஒரு மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். ஒருநாள் சட்டையோடு துவைக்கப் போய்க் கரைந்தது, அப்புறம் வாங்கவில்லை. அந்தப் பெண் சொன்னது சரிதான்.

போன வியாழக்கிழமை அவள் தனியாக ஏறினாள். நான் நந்தனம் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வர எட்டு நிமிடம் போதும். பத்து நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வரும் ரயிலிலெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கை ஜில்லிட்டது. இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய மழை ராத்திரி எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வா, உட்கார் என்றேன். கை சட்டைப்பைக்குப் போனது. அதில் சீனியர் சிட்டிசன் கார்டைத் தவிர ஒன்றும் இல்லை. மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டு, எதிரே ஓடும் எலக்ட்ரானிக் போர்டைப் பார்த்தபடி இருந்தேன்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் எஸ்கலேட்டரிலிருந்து அவள் இறங்கி வந்தாள். ரயிலில் வரவில்லை, வெளியிலிருந்து வந்தாள். கையில் இரண்டு பஜ்ஜிப் பொட்டலம்.

"ஒரு ஸ்டேஷன்ல இறங்கணும்னு தோணல தாத்தா. ஆயிரம் விளக்கு வரைக்கும் போயிட்டு வந்தேன். பசிச்சுது, அதான் வெளிய போய்... ஏன் இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை. என் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன்.